ப்ராக்ல ஒரு வாரக்கடைசி: தனியா போன ஒரு பேக்பேக்கரோட நேரக் கணக்கு

செக் நாட்டுத் தலைநகர் ப்ராக் மாதிரி ஊருக்கு ரெண்டு மூணு நாள் போறவங்க பார்க்க வேண்டிய இடம்னு ஒரு பெரிய லிஸ்ட் போட்டுக்கிட்டுத்தான் கிளம்புறாங்க. அந்த ஊரப் பொறுத்தவரைக்கும் லிஸ்ட்ட விட கடிகாரமும் காலண்டரும்தான் முக்கியம்ங்கிறது என்னோட ரொம்ப நாள் எண்ணம். எந்த இடம் எந்தக் கிழமை மூடியிருக்கும், எந்தத் தெரு எத்தனை மணிக்கு நெரியும், எத்தனை மணிக்கு காலியா கிடக்கும், இது தெரிஞ்சா போதும், பாதி ட்ரிப் தானா சரியாயிடும். என் சித்தி பொண்ணு போன அக்டோபர் ஆரம்பத்துல தனியா போயிட்டு வந்தா, அவகிட்ட கேட்டுக்கிட்டு அந்த ட்ரிப்ப இங்க பிரிச்சு எழுதுறேன், ஏன்னா ஒரே ட்ரிப்புக்குள்ள தப்பான நேரத்துல பார்த்ததும் இருக்கு, சரியான நேரத்துல பார்த்ததும் இருக்கு.

அவ மதுரைக்காரி, இப்ப ஜெர்மனில ட்ரெஸ்டன்ல மாஸ்டர்ஸ் படிக்கிறா. முதுகுல ஒரு பேக், ஸ்டூடண்ட் பட்ஜெட், தனியா போற முதல் வெளிநாட்டு ட்ரிப், வெள்ளிக்கிழமை மத்தியானம் போய் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்புற பிளான். ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட் இருக்கிறதால செக் நாட்டுக்குத் தனி விசா தேவையில்ல, ஆனா பாஸ்போர்ட், பெர்மிட் கார்டு ரெண்டையும் கையில வச்சிருக்கணும், 2023 அக்டோபர்ல இருந்து செக் பார்டர்ல ஜெர்மன் போலீஸ் திரும்ப செக்கிங் ஆரம்பிச்சிருக்காங்க, வர்ற வழியில ட்ரெயின்லயே ஏறிக் கேப்பாங்க. ஊர்ல இருந்து நேரா போறவங்களுக்கு ஷெங்கன் விசாவும் குறைஞ்சது 30,000 யூரோ கவர் ஆகுற ட்ராவல் இன்சூரன்ஸும் கட்டாயம்.

ட்ரெயின்ல ரெண்டரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம். ட்ரெஸ்டன்ல இருந்து போறப்ப இடது பக்க ஜன்னல் சீட் பிடிக்கச் சொன்னேன், எல்ப ஆறு அந்தப் பக்கம்தான் கூடவே வரும், மணல்பாறைக் குன்றுகள் ஆத்துக்கு மேல செங்குத்தா நிக்கும். இறங்குறது ப்ராக் மெயின் ஸ்டேஷன். கீழ இருக்கிற கடைகள் வழியாவே எல்லாரும் மெட்ரோவுக்கு ஓடிடுவாங்க, ஒரு மாடி ஏறினா 1909ல கட்டி முடிச்ச பழைய ஹால் இருக்கு, யோசெஃப் ஃபாந்தா டிசைன் பண்ணது, பெரிய டோம், கலர் கண்ணாடி. முதல் ப்ளாட்ஃபார்ம்ல நிக்கோலஸ் வின்டனுக்கு ஒரு சிலை, கையில ஒரு குழந்தை, பக்கத்துல பெட்டியோட ஒரு பொண்ணு. 1939ல போர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இந்த ஸ்டேஷன்ல இருந்து 669 பிள்ளைகள, பெரும்பாலும் யூதக் குழந்தைங்க, இங்கிலாந்துக்கு ட்ரெயின் ஏத்தி அனுப்பின ஏற்பாட்டுல முக்கியமான ஆளு அவர். இந்த சிலைய அவ பார்த்தது நல்லதாப் போச்சு, ஞாயித்துக்கிழமை பார்த்த விஷயத்துக்கு இது தொடக்கம் மாதிரி ஆச்சு.

இனி பணம். செக் நாடு யூரோ ஏரியாவுல இல்ல, கொருனாதான். அவ பழைய நகரத்துக்குள்ள ஒரு எக்ஸ்சேஞ்ச் ஜன்னல்ல யூரோவ நீட்டியிருக்கா, கமிஷன் இல்லன்னு போர்டு வச்சிருக்காங்க, கமிஷன் எடுக்கலதான், ரேட்லயே எடுத்துட்டாங்க. ஒரு யூரோவுக்கு 24, 25 கொருனா பக்கத்துல வர வேண்டியது, மூணுல ஒரு பங்கு குறைஞ்சு கையில வந்திருக்கு. அழாத குறையா போன் பண்ணா.

"அக்கா, ஏமாத்திட்டாங்கக்கா."

"ரசீது குடுத்தாங்களா டி?"

"இருக்குக்கா."

"எத்தனை மணி போட்டிருக்கு பாரு. மூணு மணி நேரம் ஆகலைன்னா நேரா திரும்பிப் போ, மாத்தினத கேன்சல் பண்ணணும்னு சொல்லு, அது உன் உரிமை."

இது பலருக்குத் தெரியாது, அதனாலதான் விரிவா எழுதுறேன். 2019 ஏப்ரல் 1ல இருந்து செக் சட்டத்துல இருக்கு, 1,000 யூரோ மதிப்பு வரைக்கும் மாத்தின பணத்த மூணு மணி நேரத்துக்குள்ள காரணமே சொல்லாம திருப்பிக் கேக்கலாம், கடைக்காரங்க குடுத்தாகணும். ரசீதும் வாங்கின கொருனாவும் கையில இருக்கணும், அவ்வளவுதான். இவ போய் நின்னு கேட்டா, முகத்த ஒரு மாதிரி வச்சுக்கிட்டாலும் யூரோவ திருப்பிக் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு பேங்க் ஏடிஎம்ல கொஞ்சமா எடுத்துக்கிட்டா, அங்கயும் ஒரு கண்ணி இருக்கு, உங்க நாட்டுக் கரன்சில கன்வர்ட் பண்ணிக் காட்டவான்னு ஸ்கிரீன் கேக்கும், வேண்டாம்னு அமுக்கணும். மத்தபடி எல்லாத்துக்கும் கார்டு போதும், ட்ராம்க்குள்ளயே கார்டு தட்டி டிக்கெட் எடுக்கிற மெஷின் இருக்கு. பேப்பர் டிக்கெட் வாங்கினா மட்டும் மஞ்சப் பெட்டியில விட்டு நேரம் அடிச்சிக்கணும், அடிக்காத டிக்கெட் கையில இருந்தாலும் ஃபைன்தான்.

தங்கினது ஷிஷ்கோவ், மேட்டுப் பகுதி, பழைய தொழிலாளர் ஏரியா, 216 மீட்டர் டிவி டவர் அங்கதான் நிக்குது, அதுமேல டேவிட் செர்னி செஞ்ச பெரிய பெரிய குழந்தை பொம்மைங்க தவழ்ந்து ஏறிட்டிருக்கும். பழைய நகரத்துக்குள்ள தங்குறத விட விலை குறைவு, ட்ராம்ல கொஞ்ச நேரந்தான். பொண்ணுங்களுக்கு மட்டும்னு தனி டார்மிட்டரி இருக்கிற ஹாஸ்டலா பார்த்து எடுத்தா, லாக்கருக்குப் பூட்டு வீட்டுல இருந்தே கொண்டு போனா, சித்திக்கு ராத்திரி ஒரு மெசேஜ் காலையில ஒரு மெசேஜ்னு பேச்சு. ராத்திரி முழுக்க நைட் ட்ராம் ஓடுது, அதனால தனியா வர்றதுல பெருசா பயம் இல்லன்னு சொன்னா. பழைய நகரத்துல குடிச்சிட்டு கும்பல் கும்பலா போற டூர்களத்தான் நான் எச்சரிச்சு வச்சிருந்தேன், 2024 கடைசியில ராத்திரி 10 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் அந்த ஏற்பாட்டு டூர்களுக்குத் தடை போட்டுட்டாங்க, நல்ல காரியம், அங்கயும் குடும்பங்க குடியிருக்காங்கல்ல.

இப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு வருவோம், இந்த கேஸ்ல கவனிக்க வேண்டிய முதல் இடம் இதுதான். பௌடர் டவர்ல ஆரம்பிச்சு பழைய நகர சதுக்கம், கார்லோவா தெரு, சார்லஸ் பாலம், அப்புறம் அக்கரையில மேல ஏறி கோட்டைன்னு ஒரே கோடு, ராஜாக்கள் முடிசூட்டிக்கப் போன பாதை. இன்னைக்கு வர்ற எல்லா டூர் குரூப்பும் அதே கோட்டுல, அதே நேரத்துல, அதே திசையில நகருது, தெருவோ ஒல்லியான தெரு. இவளும் நாலு மணிக்கு அதுக்குள்ள மாட்டிக்கிட்டா. அஞ்சு மணிக்கு வானியல் கடிகாரத்துக்குக் கீழ நின்னிருக்கா, முன்னாடி முழுக்க தூக்கிப் பிடிச்ச போன்தான், மேல ஜன்னல் திறந்து அப்போஸ்தலர் பொம்மைங்க வரிசையா வந்து போச்சு, எலும்புக்கூடு மணி ஆட்டுச்சு, சேவல் கூவுச்சு, ஒரு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சு கூட்டம் கலைஞ்சிடுச்சு.

"அக்கா, ஒண்ணுமே இல்லக்கா இதுல."

"பொம்மைய விடு. கூட்டம் போயிடுச்சுல்ல, அங்கயே நில்லு. அந்தப் பெரிய வட்டத்தப் பாரு, சூரியன் மறையிற வரைக்கும் நில்லு."

அந்தக் கடிகாரத்தோட உயிரே அந்த டயல்தான். 1410ல கடான் ஊர் மிக்குலாஷ்ங்கிற கடிகாரக்காரர் செஞ்சது, கணக்கு யான் ஷிண்டெல்ங்கிற வானியல் பேராசிரியர் போட்டதுன்னு சொல்றாங்க. பொம்மைங்க எல்லாம் பின்னாடி சேர்த்தது. வெளி வளையத்துல கறுப்புல 24 எண் இருக்கு, அது பழைய செக் நேரம், அஸ்தமனத்துல இருந்து அஸ்தமனம் வரைக்கும் எண்ற நேரம், அதனால அந்த வளையம் வருஷம் முழுக்க முன்னயும் பின்னயும் நகர்ந்துக்கிட்டே இருக்கும். அதுக்குள்ள ரோமன் எண் நம்ம சாதாரண நேரம். நீலப் பகுதியில வளைஞ்சு வளைஞ்சு போற தங்கக் கோடுங்க பகல் பொழுத மட்டும் 12 பங்காப் பிரிக்குது, கோடைல ஒரு பங்கு நீளம், குளிர்ல குட்டை. இத மதுரைக்காரிக்குப் புரிய வைக்கிறதுக்கு ஒரு வரி போதும்: சூரிய உதயத்துல இருந்து அஸ்தமனம் வரைக்கும் எட்டாப் பிரிச்சு இராகுகாலம் கணக்குப் போடுறோம்ல, அதே மாதிரி இங்க பன்னெண்டு. நகர்ற ராசி வளையத்துல சூரியன் எந்த ராசில நிக்குதுன்னு தெரியும், பாதி வெள்ளி பாதி கறுப்பா ஒரு சின்ன உருண்டை சந்திரனோட பிறையக் காட்டும். அன்னைக்கு ஊர்ல புரட்டாசி, நம்ம பஞ்சாங்கத்துக்கு சூரியன் கன்னியில, இங்க துலாத்துல நிக்குது. நம்ம கணக்கு நட்சத்திரத்த வச்சு, அவங்க கணக்கு இரவும் பகலும் சமமாகுற நாள வச்சு, ரெண்டுக்கும் இடையில இருபத்து நாலு நாள் போல விலகல் இருக்கு. இத ஒரு கோபுரத்து சுவர்ல கண்ணால பார்க்க முடியுதுங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்! ஆறு மணிக்கு மேல வெளிச்சம் மங்க மங்க, நேரம் காட்டுற தங்கக் கை முள்ளு வெளி வளையத்துல 24 மேல போய் உக்கார்ற வரைக்கும் அவ நின்னிருக்கா. ராத்திரி போன்ல பேசுனப்ப குரலே மாறியிருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரிதான் பிளான முழுசா மாத்திப் போட்டோம். அவ லிஸ்ட்ல சனிக்கிழமை யூதர் பகுதி, ஞாயித்துக்கிழமை காலையில கோட்டைன்னு இருந்துச்சு. சனிக்கிழமை யூத மியூசியம் மூடியிருக்கும், அவங்களோட ஓய்வு நாள். ஞாயித்துக்கிழமை காலையில கதீட்ரல்ல பூசை, டூரிஸ்ட்ட மத்தியானத்துக்கு மேலதான் விடுவாங்க. அதாவது அவ போட்ட பிளான் படி போயிருந்தா ரெண்டு நாளும் காலையில ரெண்டு கதவும் மூடியிருந்திருக்கும். வாரக்கடைசில போற பலருக்கும் இது நடக்குது. ரெண்டையும் இடம் மாத்தினோம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை இருட்டு விலகுறதுக்கு முன்னாடியே சார்லஸ் பாலத்துல இருந்தா. ராஜா நாலாம் சார்லஸ் 1357ல ஆரம்பிச்சு வச்ச பாலம், 1342 வெள்ளத்துல போன பழைய பாலத்துக்குப் பதிலா, 516 மீட்டர், ரெண்டு பக்கமும் 30 சிலை. மணல்கல் சிலைகள்ல பெரும்பாலானது இப்ப நகல், ஒரிஜினல மியூசியத்துல வச்சிருக்காங்க. அந்த நேரத்துல இருந்தது கல்யாண டிரெஸ்ல போட்டோ எடுக்க வந்த ஒண்ணு ரெண்டு ஜோடியும், நாயக் கூட்டிட்டுப் போற ஊர்க்காரங்களும்தான். நெப்பொமுக் யான் சிலை 1683ல வச்சது, பாலத்துச் சிலைகள்ல பழசு. 1393ல இவர ஆத்துல தள்ளிக் கொன்னாங்க. ராணியோட பாவமன்னிப்பு ரகசியத்த ராஜாகிட்ட சொல்ல மறுத்தாருங்கிறது கதை, சர்ச் பதவிச் சண்டைதான் காரணம்ங்கிறது வரலாறு. சிலைக்குக் கீழ வெண்கலப் பலகைல அவர் ஆத்துல விழுற காட்சி கை பட்டுப் பட்டு மஞ்சளா மின்னுது, மத்ததெல்லாம் கறுத்துக் கிடக்குது, இன்னொரு பலகைல ஒரு வீரன் பக்கத்துல நிக்கிற நாயும் அதே மாதிரி மின்னுது, அந்த நாயி புண்ணியத்துக்கு இல்ல, ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு, தடவுறாங்க. பத்து மணிக்கு மேல போனா அங்க க்யூ நிக்கும், இந்த வித்தியாசத்த நின்னு பார்க்க முடியாது.

பாலம் தாண்டி 22ஆம் நம்பர் ட்ராம் ஏறி கோட்டைய விட்டு இன்னும் மேல, பொஹோர்ஜெலெட்ஸ் ஸ்டாப்ல இறங்கி, ஸ்ட்ராஹோவ் மடத்துல இருந்து கீழ நோக்கி நடந்து வந்தா. எல்லாரும் மூச்சு வாங்க மேல ஏறுற ஊர்ல மேல இருந்து இறங்கி வர்றது முட்டிக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது. கதீட்ரல் திறக்குற நேரத்துக்கு வாசல்ல இருந்தா. செயின்ட் வைட்டஸ் கதீட்ரல் 1344ல அஸ்திவாரம் போட்டு 1929ல முடிச்சது, நடுவுல மதப் போர்கள்னால நின்னு போய், நூற்றாண்டுக் கணக்குல பாதிக் கோயிலாவே நின்னிருக்கு. இடது பக்கம் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகாவோட ஜன்னல், காலை வெளிச்சத்துல நீலம் நடுவுல போகப் போக சிவப்பும் தங்கமுமா எரியும்.

பழைய அரண்மனைல ஒரு ஜன்னல் இருக்கு, நான் அவள கட்டாயம் பார்க்கச் சொன்னது. 1618 மே 23 அன்னைக்கு ப்ராட்டஸ்டண்ட் பிரபுக்கள் கத்தோலிக்கப் பேரரசரோட ரெண்டு அதிகாரிகளையும் ஒரு செயலாளரையும் அந்த ஜன்னல் வழியா வெளிய தூக்கிப் போட்டாங்க. மூணு பேரும் பிழைச்சாங்க, ஆனா முப்பதாண்டுப் போர் அங்கதான் ஆரம்பிச்சுது. 1620ல வெள்ளை மலைச் சண்டைல செக் தரப்பு தோத்து, 1621 ஜூன் 21 அன்னைக்கு 27 தலைவர்கள பழைய நகர சதுக்கத்துல கொன்னாங்க, அதுல 12 பேரோட தலைய பாலத்து கோபுரத்துல பத்து வருஷம் தொங்க விட்டாங்க. காலையில அவ தாண்டி வந்த அதே கோபுரம், முந்தின நாள் சாயங்காலம் கடிகாரத்துக்கு நின்ன இடத்துக்குப் பக்கத்துலயே தரையில 27 வெள்ளைச் சிலுவை பதிச்சிருக்கு, அதுமேல ஜனங்க நடந்துக்கிட்டிருப்பாங்க. லிஸ்ட்ல இதெல்லாம் மூணு தனி இடம். நடந்து பார்த்தா மூணு வருஷத்துக் கதை ஒண்ணு, அந்த வரிசையப் பிடிச்சுக்கிட்டா ஊரு பேச ஆரம்பிச்சுடும்.

மத்தியானம் காவலர் மாறுற பேண்டு வாத்தியத்துக்குக் கூட்டம் உள்ள வரும்போது இவ வெளிய வந்துட்டா. சாப்பாடு ஒரு உருளைக்கிழங்கு சூப்பும் பொரிச்ச சீஸும், சைவமும் ஆச்சு, வயிறும் நிறைஞ்சுது. சதுக்கத்துல மூலைக்கு மூலை பழங்கால செக் பலகாரம்னு விக்கிற ட்ரெடெல்னிக் ப்ராக்கோட பாரம்பரியமே இல்ல, டூரிஸ்ட்டுக்காக வந்தது, பிடிச்சா சாப்பிடுங்க, பாரம்பரியம்னு நினைச்சு வாங்காதீங்க. உச்சக் கூட்ட நேரத்துல ஹாஸ்டலுக்குப் போய் தூங்கிட்டா. தூங்கினது நேர விரயம் இல்ல, விடியல்ல எழுந்ததுக்கு அதுதான் ஈடு.

சாயங்காலம் எம்மாஸ் மடம். இந்த இடம் எந்த அவசர லிஸ்ட்லயும் இருக்காது, ஆனா ட்ரெஸ்டன்ல இருந்து வர்ற ஒரு ஆளுக்கு இத விட முக்கியமான இடம் ப்ராக்ல இல்லன்னு நான் நினைக்கிறேன். அவளே கேட்டா, "ட்ரெஸ்டன்ல பழசெல்லாம் இடிஞ்சு திரும்பக் கட்டினது, இங்க மட்டும் எப்படிக்கா அப்படியே நிக்குது?" ரெண்டாம் உலகப் போர்ல 1945 பிப்ரவரி 14, குண்டு விழுந்து ட்ரெஸ்டன் எரிஞ்சிட்டிருந்த நாள், ட்ரெஸ்டனுக்குப் போக வேண்டிய அமெரிக்க விமானங்கள்ல ஒரு பகுதி வழி தவறி ப்ராக்க ட்ரெஸ்டன்னு நினைச்சு குண்டு போட்டுட்டுப் போயிடுச்சு. ரெண்டு ஊருலயும் ஆறு வளைஞ்சு ஓடுது, கீழ மேகம். 700 பேர் போல செத்தாங்க. 1347ல சார்லஸ் உண்டாக்கின இந்த மடத்தோட கோபுரங்க அன்னைக்குப் போச்சு. 1960கள்ல திரும்பக் கட்டினப்ப பழைய மாதிரி போலியா செய்யாம, வெள்ளையா ரெண்டு வளைஞ்ச கான்க்ரீட் இறக்கை ஒண்ண ஒண்ணு குறுக்கா வெட்டி மேல போற மாதிரி வச்சாங்க. அங்க இருந்து கொஞ்ச தூரத்துல ஆத்தோரம் 1996ல முடிச்ச டான்ஸிங் ஹவுஸ், ஃப்ராங்க் கெரியும் விளாடோ மிலுனிச்சும் செஞ்சது, அது நிக்கிற மனையும் அதே குண்டுல காலியான மனைதான். அங்க செல்ஃபி எடுக்கிறவங்க கிட்ட இத யாரும் சொல்றதில்ல. இவ ரெண்டு இடத்துக்கும் நடுவுல திரும்பத் திரும்ப நடந்தேன்னு சொன்னா.

ஞாயித்துக்கிழமை காலையில கதவு திறந்ததும் பிங்கஸ் ஜெப ஆலயம். உள்ள பொருள்னு எதுவும் இல்ல, சுவர்தான். செக், மொராவியா பகுதியில கொல்லப்பட்ட யூதர்கள்ல 78,000 பேர் போல, ஒவ்வொருத்தரோட பேரும் கையால எழுதியிருக்கு, குடும்பப் பேரு சிவப்புல, ஆள் பேரு கறுப்புல, பக்கத்துல பிறந்த தேதியும் கடைசியா உயிரோட இருந்தது தெரிஞ்ச தேதியும். 1950கள்ல ரெண்டு ஓவியர்கள் எழுதினது, 1968ல ஈரம் ஏறுதுன்னு மூடினாங்க, கம்யூனிஸ்ட் காலம் முடிஞ்ச பிறகு 1992ல இருந்து 1996 வரைக்கும் திரும்ப எல்லாப் பேரையும் எழுதினாங்க. மாடியில நாஜிக்களோட டெரெசின் முகாம்ல இருந்த குழந்தைங்க வரைஞ்ச படங்க. அவங்களுக்கு வரைய சொல்லிக் குடுத்த ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ், 1944ல ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி 4,500 படம் போல ரெண்டு பெட்டியில அடுக்கி ஒளிச்சு வச்சிட்டுப் போனாங்க, அங்க அவங்களக் கொன்னுட்டாங்க. படங்க எல்லாம் சாதாரணம்தான், வீடு, பூச்சி, மரம், ட்ரெயின். டெரெசினுக்கு முதல்ல ஆளுங்கள போஹுஷோவிட்ஸேங்கிற ஸ்டேஷன்ல இறக்கி மூட்டை முடிச்சோட நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க, ட்ரெஸ்டன் ப்ராக் லைன்லயே இருக்கிற ஸ்டேஷன் அது, இவ வந்த எக்ஸ்பிரஸ் அங்க நிக்காம தாண்டி வந்துச்சு. இத நான் அவளுக்கு முன்னாடியே சொல்லல, பார்த்து முடிச்ச பிறகு சொன்னேன், முன்னாடி சொல்லியிருந்தா அந்த சுவர்ல ஒரு பேர நின்னு படிச்சிருக்க மாட்டா, வரலாறா படிச்சிட்டுப் போயிருப்பா. இத நான் இப்பவும் சரின்னுதான் நினைக்கிறேன். அங்க கூட்டம் வந்துட்டா ஆளுங்க வரிசையா நகர்வாங்க, நிக்க முடியாது, அதனாலதான் திறக்குற நேரத்துக்கே போங்கன்னு சொல்றேன்.

பக்கத்துலயே பழைய கல்லறை, 12,000 கல் போல ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு நெரிச்சு நிக்குது, இடம் பத்தாம மண்ண மேல மேல போட்டு அடுக்கடுக்காப் புதைச்சிருக்காங்க. அங்க இருந்து அவ வேற எந்த டிக்கெட்டும் எடுக்கல, வேற எதையும் பார்க்க முடியலன்னா, நானும் வற்புறுத்தல.

மத்தியானத்துக்கு மேல மெட்ரோ சி லைன்ல வீஷெஹ்ராட், ஆத்துக்கு மேல பழைய கோட்டை மேடு, இசையமைப்பாளர்கள் த்வோர்ஷாக், ஸ்மெதனா, அந்த ஓவியர் முகா எல்லாரும் புதைஞ்சிருக்கிற கல்லறைத் தோட்டம், ஊர்க்காரங்க குழந்தைங்களோட உக்கார்ற புல்வெளி. அதே சி லைன்தான் நேரா மெயின் ஸ்டேஷனுக்கும் போகுது, அதனால கடைசி நாளுக்கு இத விட வசதியான இடம் கிடையாது, ட்ரெயின் நேரம் வரைக்கும் உக்காரலாம். ஞாயித்துக்கிழமை சாயங்கால ட்ரெயின்ல சீட் ரிசர்வேஷன் போட்டுடுங்க, அன்னைக்கு எல்லா ஸ்டூடண்ட்டும் திரும்புற நாள்.

விட்டுப்போனது நிறைய இருக்கு: ஸ்ட்ராஹோவ் நூலகம் உள்ள போகல, வென்செஸ்லாஸ் சதுக்கத்துல 1969ல சோவியத் ஆக்கிரமிப்ப எதிர்த்து யான் பாலாக்ங்கிற மாணவர் தீக்குளிச்ச இடம் பார்க்கல, பக்கத்து ஊரான குட்னா ஹோரா போகல. அடுத்த தடவை போறப்ப ப்ராக்குக்கே போகாம லோக்கல் ட்ரெயின் பிடிச்சு போஹுஷோவிட்ஸேல இறங்கி டெரெசினுக்கு நடந்து போகப் போறாளாம், நானும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கேன், சனிக்கிழமையா இல்லாம வேலை நாளா லீவு போட்டு.